கிராணிப் பரீட்சையும் நம் பிள்ளைகளும்

(கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர், சிப்பந்திகள் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



சர்க்கார் கிராணி உத்தியோகத்துக்கு நடக்கும் பரீட்சையைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறோம். கிராணி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர் கிராணி. செக்ரோலில் நம் பெயருக்கு நேரே கோடு போட்டவர் கிராணி. பால் ஸ்டோரில் எடை பார்த்து எழுதியவர் கிராணி. அந்தப் பேனா ஓர் இடத்தில் சறுக்கினால் நம் வீட்டில் ஒரு நாள் சம்பளம் குறைந்தது. எழுத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நமக்கு யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பேனா நம் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் உட்கார்ந்து யோசித்தது குறைவு. பிள்ளை ஐந்தாம் படிவத்தை முடித்த பிறகு, "தம்பி, சர்க்கார் வேலைக்கு எழுதிப் போடேன்" என்கிறோம். அத்தோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்கிறோம். பரீட்சை மண்டபத்துக்குள் போய்த் தோற்பவர்கள் உண்டு. ஆனால் நாம் பார்த்தவரையில், மண்டபத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அவர்களை நிறுத்துவது கேள்வித்தாள் அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டிலும் பள்ளியிலும் விட்டுப்போன காரியங்களே அவர்களை நிறுத்துகின்றன. இன்று நாம் சொல்ல வந்த செய்தி இதுதான்.

முதலில் கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1896இல் நான்கு மலாய் மாநிலங்கள் கூட்டு மாநிலங்களாகி, கோலாலம்பூர் அவற்றின் தலைநகராயிற்று. ரயில்வே, கருவூலம், தபால், மராமத்து என்று இலாகாக்கள் பெருகின. கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. வெள்ளைக்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். ஏன் யாழ்ப்பாணம்? அங்கே 1823லேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் உயர்கல்விச் சாலை தொடங்கியிருந்தார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதவும் கணக்குப் போடவும் தயாராக இருந்தார்கள். அப்படி வந்தவர்கள் வாழ்ந்த இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. பிறகு அது ரயில்வேக்காரர்களும் இலாகா கிராணிகளும் குடியிருந்த பேட்டையாயிற்று.

அதே காலத்தில் நம் முன்னோர் எங்கே இருந்தார்கள்? கங்காணி கூட்டி வந்து காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்றது. பள்ளி வந்தது. பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில வகுப்புகள் மட்டுமே. ஆங்கிலம் பட்டணத்தில் இருந்தது. நாம் லயத்தில் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் இந்தப் பக்கம் கைகட்டி நின்றவருக்கும் இருந்த வேறுபாடு மூளையில் வந்ததல்ல. ஆட்சி நடக்கும் மொழி யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதில் வந்த வேறுபாடு அது. இதைச் சிப்பந்திகளும் அறிவார்கள், தொழிலாளர்களும் அறிவார்கள்.

பிறகு நாடு விடுதலை பெற்றது. 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்தின்படி மலாய் மொழியே ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலத்தில் கைதேர்ந்த பழைய கிராணிகளும் மலாய் படித்துத் தேற வேண்டியதாயிற்று. மொழி மாறியது, விதி மாறவில்லை. ஆட்சிமொழியில் தெளிவாகப் படித்து எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அலுவலக நாற்காலி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நிலைக்கு வருவோம்.

மத்திய சர்க்காரின் பெரும்பாலான உத்தியோகங்களுக்கு ஆள் தெரிந்தெடுப்பது பொதுச் சேவை ஆணையம். மலாயில் சுருக்கமாக எஸ்.பி.ஏ. என்பார்கள். அரசியலமைப்பின் 139ஆவது பிரிவு அமைத்துத் தந்த ஆணையம் இது; தலைமையகம் புத்ராஜெயாவில். நாம் கிராணி என்று சொல்லும் உத்தியோகத்துக்கு இன்றைய பெயர் பெம்பந்து தட்பீர், அதாவது நிர்வாக உதவியாளர். வெகுகாலம் இதை என்19 என்ற தர எண்ணால் அழைத்தார்கள். 2024 டிசம்பர் 1 முதல் புதிய சம்பள முறை நடப்புக்கு வந்ததால் பழைய தர எண்கள் மாறிவிட்டன. கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களில் இன்னும் பழைய எண்ணைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

இப்போது நம் பிள்ளைகளை நிறுத்துகிற காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பத்திரம். விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். "இங்கேதானே பிறந்தோம், இங்கேதானே பால் வெட்டினோம்" என்று சொன்னால் பாரம் ஒத்துக்கொள்ளாது. பிறப்பு பதியப்படாத பிள்ளைகள், சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளும் பெற்றோர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிமல்லாதார் திருமணங்களை சர்க்காரில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தாலும் பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்போது குடியுரிமை தாயின் வழியே பார்க்கப்படுகிறது. தகப்பன் குடிமகனாகவும் தாய் குடிமகள் அல்லாதவளாகவும் இருந்தால் பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது. பதினெட்டு வயதில் வேலைக்குப் போகும்போது இது தெரியவந்தால் எத்தனை ஆண்டு அலைய வேண்டும்!

ஆகவே கல்யாணத்தைப் பதியுங்கள். பிறப்பைக் காலத்தில் பதியுங்கள். பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் மைகார்டில் வேறு விதமாகவும் பெயரின் எழுத்து இருந்தால் பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் விசாரியுங்கள். தகரப் பெட்டியில் நகைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோமே, அதைவிடப் பத்திரமான இடம் இந்தக் காகிதங்களுக்கு வேண்டும்.

இரண்டாவது மலாய் மொழி. இந்த உத்தியோகத்துக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி வேண்டும், அதில் மலாய் மொழிப் பாடத்தில் கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். டி, இ வாங்கினால் பாஸ்தான்; ஆனால் கிராணி வேலைக்கு அது போதாது. பல பெற்றோர்கள் "மலாயில் பாஸ்தானே" என்று திருப்திப்பட்டுவிடுகிறார்கள். பாஸுக்கும் கிரெடிட்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளின் பல கதவுகள் சாத்திக்கொள்கின்றன. மலாயில் தோற்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் சரித்திரப் பாடத்துக்கும் அதே நிலை.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய் வராது என்று சிலர் சொல்வதுண்டு. நாம் அதை ஏற்கவில்லை. தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் திருந்தக் கற்ற பிள்ளைக்கு இரண்டாவது மொழி சுமையல்ல. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அந்தத் திருப்பத்தில்தான் ஆபத்து. மலாயில் பலவீனமான பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டை "வீணாய்ப் போன வருஷம்" என்று வீட்டில் பேசாதீர்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் பின்னால் வரும் ஐந்து ஆண்டுகளையும் காப்பாற்றுவது அதுவே.

இன்னொன்றும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இலும், மூன்றாம் படிவத்துப் பரீட்சை 2022இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. அந்தப் பழைய அடையாளக் கற்கள் போய்விட்டன. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஊர் சொல்லும் என்று காத்திருக்க முடியாது. ஆசிரியரிடம் நேரில் போய், "மலாயில் என் பிள்ளை கிரெடிட் வாங்குவானா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நாம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. கிரெடிட் தவறிய பிள்ளைகள் மலாய்த் தாளை மறுபடியும் எழுதலாம். கதவு ஒரேயடியாகச் சாத்தப்பட்டுவிடவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே அதை எழுதி முடிக்கும் பிள்ளையை நாம் மெச்ச வேண்டும். கேலி செய்யக் கூடாது.

மூன்றாவது பதிவு. விண்ணப்பம் இன்று இணையத்தில்தான். ஆணையத்தின் தளத்தில் பெயரைப் பதிந்து, சான்றிதழ் விவரங்களைச் சரியாக நிரப்ப வேண்டும். ஒருமுறை பதிந்தால் ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. உள்ளே போய்ப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அழைப்பு மின்னஞ்சலில் வந்து, பிள்ளை பார்க்காமல் நாள் கடந்துபோனால் யாரை நோவது? ஆணையத்துக்கு விண்ணப்பிக்கப் பணம் கிடையாது. "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும், இரண்டாயிரம் வெள்ளி கொடு, வேலை வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால் அவன் திருடன். தாலியை அடகு வைத்து அவனிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிலாங்கூர் மாநிலச் சேவைக்குத் தனி ஆணையம் இருக்கிறது. சட்டபூர்வ நிறுவனங்கள் பல தாங்களே ஆள் எடுக்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் எழுதிப்போட்டுவிட்டு மூன்று வருஷம் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

சரி, இவற்றையெல்லாம் தாண்டிப் பரீட்சைக்கு அழைப்பு வந்துவிட்டது. என்ன படிப்பது? எந்தெந்தப் பகுதி என்பதை அழைப்பிலேயே சொல்வார்கள். அதை இரண்டு முறை வாசியுங்கள். பொது அறிவும், கணக்கைக் கொண்டு சிக்கலை அவிழ்க்கும் திறனும் நெடுங்காலமாக இந்தப் பரீட்சையில் இருந்துவரும் பகுதிகள். விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளுக்குத் தயாராக வேண்டும்.

பொது அறிவைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் பாதி நம் தெருவில் கிடக்கிறது. பிரிக்பீல்ட்ஸின் பெரிய வீதிக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர் ஏன்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர், மந்திரியாக இருந்தவர். சிலாங்கூரின் அரச நகரம் எது? நாம் நிற்கும் கிள்ளான். கோலாலம்பூர் எப்போது கூட்டரசுப் பிரதேசமாயிற்று? 1974 பிப்ரவரி 1. அதன்பின் சிலாங்கூரின் தலைநகராக வந்தது ஷா ஆலாம். இப்படி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும். மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16. ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது 1970 ஆகஸ்ட் 31, கோட்பாடுகள் ஐந்து. மாநிலங்கள் 13; கூட்டரசுப் பிரதேசங்கள் 3. மக்களவை இடங்கள் 222. மாமன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெரிந்தெடுப்பது ஆட்சியாளர் மன்றம். நாளொன்றுக்கு இப்படி ஐந்து விஷயம் எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் ஒரு கொப்பி நிறையும். மலாய்ப் பத்திரிகையைத் தினமும் அரை மணி நேரம் வாசித்தால் பொது அறிவும் மொழியும் ஒரே கூலியில் கிடைக்கும்.

கணக்கு என்றதும் முகம் வாடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் தாய் தகப்பன் தினமும் விழுக்காட்டுக் கணக்கில்தான் வாழ்ந்தார்கள். ஒருவர் 24 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர் ரப்பர் நூற்றுக்கு 32 பங்கு. உலர் எடை எவ்வளவு? 24ஐ 32ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 7.68 கிலோ. மறுநாள் 18 கிலோ பால். நூற்றுக்கு 28 பங்கு. உலர் எடை 5.04 கிலோ. முதல் நாளைவிட எத்தனை விழுக்காடு குறைவு? குறைந்தது 2.64. அதை 7.68ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 34க்குச் சற்று மேல். பரீட்சையில் வட்டி, கழிவு, இலாப நட்டம் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது இதே கணக்குத்தான்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. முழுக் கணக்கைப் போடுமுன் தோராயமாகப் பாருங்கள். 24ஐ 25 என்று வைத்தால் 25 முறை 32 என்பது 800. ஆகவே விடை எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 76.8 என்பதும் 6.12 என்பதும் பார்த்தவுடனே விழுந்துவிடும். ஒரே கணக்கில் மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைக்காமல், தெரிந்ததை முதலில் முடித்துவிட்டு, தெரியாததற்குத் திரும்பி வாருங்கள்.

பரீட்சை இப்போது இணையத்தில் நடப்பதால், கைத்தொலைபேசியில் மட்டும் பழகிய பிள்ளைகள் கணினியில் உட்கார்ந்து பழக வேண்டும். வீட்டில் இல்லையென்றால் நூலகத்துக்கோ இணைய மையத்துக்கோ முன்கூட்டியே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். பரீட்சையில் தேறினாலும் வேலை கைக்கு வந்துவிடாது. நேர்முகத் தேர்வு இருக்கிறது. "உன்னைப் பற்றிச் சொல்" என்று மலாயில் கேட்டால் தலை குனிந்து நிற்கக் கூடாது. வீட்டிலே தமிழில் பேசுங்கள். வாரம் ஒரு மணி நேரம் நண்பர்களோடு மலாயிலே கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். தகப்பன் பால் வெட்டுகிறார் என்று சொல்லக் கூசாதீர்கள். நேர்மையான உழைப்பில் வளர்ந்த பிள்ளை என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்வரிசையில் ஒருவர் கேட்கத்தான் செய்வார்: "எல்லாம் சரி, நம் பிள்ளைக்குக் கொடுப்பானா?" இந்தக் கேள்வியை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு, பொதுச் சேவையில் மலாய்க்காரர்களுக்கும் சபா சரவாக் பூர்வகுடிகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வழி செய்கிறது. அது சட்டம். அதே அரசியலமைப்பின் 136ஆவது பிரிவு, சேவையில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இன வேற்றுமையின்றி நடத்த வேண்டும் என்கிறது. அதுவும் சட்டம். நம்மவர்களுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்று சங்கமோ தலைவர்களோ வாதாட வேண்டுமானால் கையில் என்ன வேண்டும்? "தகுதியுள்ள இத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், இத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்" என்ற கணக்கு வேண்டும். எழுதிப்போடாத ஆயிரம் பேருக்காக எவராலும் வாதாட முடியாது. மனக்கசப்பு மனுவாகாது. விண்ணப்பம் ஒன்றுதான் மனுவாகும்.

கடைசியாக, நம்மால் ஆகக்கூடிய ஒரு காரியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாயின, பல தாமான்களாயின. லயத்தை விட்டு அடுக்கு வீடுகளுக்குப் போனவர்கள் ஆயிரமாயிரம். இடம் சிதறினாலும் ஆட்கள் இருக்கிறோம். கணக்கும் கடிதமும் அறிந்த சிப்பந்திகள் ஒரு பக்கம். பிள்ளைகளை முன்னேற்றத் துடிக்கும் தொழிலாளர்கள் மறுபக்கம். முன்பு இருவருக்கும் நடுவே ஒரு மேசை இருந்தது. அந்த மேசையைச் சுற்றி நாம் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். கோயில் மண்டபமோ, பள்ளி வகுப்பறையோ, சங்க அறையோ போதும். ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒருவர் மலாய்ப் பத்திரிகை வாசிக்க வைக்கட்டும். ஒருவர் பாரத்தை நிரப்ப உதவட்டும். ஏற்கெனவே சர்க்கார் வேலையில் இருக்கும் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் இங்கே வரலாம், இங்குள்ளவர்கள் அங்கே போகலாம். படிக்க வரும் பெண் பிள்ளைகளை வீட்டு வேலை காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். அண்ணன் தம்பிகள் அன்றைக்குச் சட்டி கழுவினால் குடி முழுகிப்போகாது.

எல்லோரும் சர்க்கார் கிராணியாகிவிட முடியாது. இடங்கள் கொஞ்சம், எழுதுபவர்கள் அதிகம். ஆனால் இந்தப் பரீட்சைக்குத் தயாரான பிள்ளைக்கு மலாய் வரும், கணக்கு வரும், பத்திரங்கள் ஒழுங்காக இருக்கும், நாலு பேர் முன் பேச வாய் வரும். அவை எந்த வேலைக்குப் போனாலும் கூடவே போகும்.

தோழர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் மைகார்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்து, பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். நம் தயாரிப்பு அங்கிருந்து தொடங்கட்டும். அடுத்த ஞாயிறு கொப்பியோடும் பென்சிலோடும் சந்திப்போம்.